வேலந்தாவளத்தில் அப்பாவின் ஆம்ப்ளிஃபயர்

கேரள எல்லையில் வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டி, கொழிஞ்சாம்பாறை போகும் சாலையில் இருக்கிறது அந்த ஒற்றை ஷட்டர் கடை. பெயர்ப்பலகை கிடையாது. மைக் செட் வாடகைக்கு விட்ட அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரை அங்கேதான் கொடுத்தேன். மூன்று நாளில் தருகிறேன் என்றவர் பத்தொன்பது நாள் இழுத்தார். போன் செய்தால் எடுக்க மாட்டார். ஆனால் கருகிய டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கி எறியாமல், கம்பியைப் பிரித்துத் தானே புதிதாகச் சுற்றியிருந்தார். கூலி 2,600 ரூபாய்.

சோதித்துப் பார்க்க கிங் டப்பியின் டப் இசையைப் போட்டேன். பாதி வரியில் குரல் அறுந்தது. "ஒயர் விட்டுப்போனதா தம்பி?" என்று குனிந்து ஸ்பீக்கர் ஒயரை ஆட்டினார் கடைக்காரர். ஒயரில் குறையில்லை. டப் என்றாலே அதுதான்: பதிவான பாட்டை வெட்டி, எக்கோ சேர்த்து, மறுபடி கலப்பது.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் டப்பியும் இவரைப் போல ரேடியோ பழுது பார்த்தவர். அப்பாவைப் போலத் தெருவில் பாட்டுப் போட்டவர், அதுவும் தானே கட்டிய ஆம்ப்ளிஃபயரில். 1970களின் தொடக்கத்தில், ஒரு பெரிய ஸ்டுடியோ கழித்த நான்கு டிராக் மிக்சரை, அதாவது குரலையும் கருவிகளையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் பலகையை, வாங்கி வீட்டில் வைத்தார். வேறெங்கோ பதிவான ரெகே என்ற ஜமைக்கப் பாட்டு டேப்பாக வந்து சேரும். டிரம்ஸையும் பேஸையும் ஓடவிட்டுக் குரலை வெட்டுவார். அதன் வால் மட்டும் எக்கோவில் தேய்ந்து போகும். கிட்டார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறையும். ஃபில்டர் குமிழைத் திருகத் திருக, டிரம்ஸின் சிம்பல் தட்டோசை தகரமாக மெலியும். ஸ்பிரிங் அதிர்வில் எதிரொலி உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியைத் தட்டினால் இடி! எல்லாம் டேப் ஓடும்போதே, கையால். மறுமுறை அப்படியே வராது. பாடியவரைவிட மிக்சர் முன் உட்கார்ந்தவர் பெயருக்காகவே இசைத்தட்டு வாங்கினார்கள்.

இதைச் சொன்னதும் கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி போடச் சொன்னார். முடிந்ததும் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஸ்பிரிங் எவ்வளவு நீளம் இருக்கும்?"

வீட்டில் இப்போது பேஸ், செண்டையின் கனத்த ஓசைப் பக்கமான வலந்தலைபோல நெஞ்சில் இறங்குகிறது; குரல் அறுந்த இடத்தில் இரைச்சலே இல்லை. வால்யூம் குமிழ் மட்டும் பாதியைத் தாண்டினால் கரகரக்கிறது. அதற்காக மறுபடி போக வேண்டும். செவ்வாய்க்கிழமை கடை இல்லை. ரசீது கேட்டால் தீப்பெட்டி அட்டையில் எழுதித் தருவார்.