ஊர் லீவில் ஈறு வைத்தியம்: லேசருக்கு முன்னால் அளவு

மஸ்கட்டில் என் இன்சூரன்ஸில் பல் வைத்தியம் சேராது. அதனால் நம்ம ஆட்கள் பலரையும்போல பல்லை ஊர் லீவுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். துலக்கினால் ஈறில் ரத்தம். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் லேசான ஆட்டம்.

நாகர்கோவிலில் முதலில் போன கிளினிக்கில் வாயைப் பார்த்த கையோடு, "லேசர் போட்டுரலாம், ஒரே சிட்டிங்ல முடிஞ்சிரும்" என்று பேக்கேஜ் சொன்னார்கள். எக்ஸ்ரே இல்லை, அளவு இல்லை. லீவு முடியப் போகிற அவசரத்தைக் காட்டியே விற்கிறார்கள். கோபம்தான் வந்தது.

மைனி சொல்லி மார்த்தாண்டத்தில் ஈறு ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம் போனேன். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அளந்தார். "மூணு, ரெண்டு, மூணு" என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற பெண் குறித்துக்கொண்டே வந்தார். ஆடுகிற பல்லில் "ஆறு" என்றார். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. அதைத் தாண்டினால் பிரஷ் எட்டாத குழி. பல்லில் கெட்டியாகப் படிகிற கல்லும் கிருமியும் உள்ளேயே தங்கிவிடும். சர்க்கரை உண்டா, சிகரெட் உண்டா என்றும் விசாரித்தார். இரண்டுமே ஈறை ஆறவிடாதாம்.

லேசரைக் கேட்டேன். "எங்கிட்டயும் இருக்கு, கேட்டியளா. ஆனா டயோடு லேசர் கல்லை எடுக்காது. குழிக்குள்ள கெட்ட சதையை நீக்கும், கிருமியைக் குறைக்கும், அவ்வளவுதான். வேரைச் சுத்தம் பண்ணாம அதை மட்டும் வச்சுப் பிரயோஜனமில்ல." கல்லையும் எடுக்கிற எர்பியம் லேசர் வேறு வகை, மிஷின் விலை அதிகம். அமெரிக்க ஈறு மருத்துவர்கள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பிறகு தேடி வாசித்தேன். வழக்கமான ஆழ்ந்த க்ளீனிங்கோடு லேசரைச் சேர்த்தாலும் கூடுதல் பலன் கொஞ்சம்தான் என்கிறது.

மரத்துப்போக ஊசி போட்டு ஒரு நாள் வலப்பக்கம், இன்னொரு நாள் இடப்பக்கம் சுத்தம் செய்தார். லேசர் வைக்கவில்லை. நாலு முதல் ஆறு வாரம் ஆறவிட்டு மறுபடி அளந்து, அப்போதும் குழி குறையாத இடத்துக்குத்தான் மேற்கொண்டு வைத்தியம் என்றார். லீவில் வருகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்து முதல் வாரமே போய்விடுங்கள். அளவு எழுதிய தாளையும் கேட்டு வாங்குங்கள்.

மறு அளவை மஸ்கட்டில் பைசா கொடுத்து எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகப் பேசியிருக்கிறேன். ரத்தம் நின்றுவிட்டது. பல்லின் ஆட்டம் இன்னும் இருக்கிறது.