செர்டிக் அரியணை ஏறியது 519-இலா, 538-இலா?

தென் இங்கிலாந்தின் பழைய ஆங்கிலோ-சாக்சன் அரசான வெசெக்ஸின் முதல் அரசனாகக் கருதப்படுபவன் செர்டிக். அந்த அரச மரபுக்கு வேர் தேடுவோர் முன் இரண்டு மூலங்கள். ஒன்று, வெசெக்ஸ் அரசன் ஆல்ஃபிரட் காலத்தில் (871–899) தொகுக்கப்பட்ட, ஆண்டுவாரியாக நிகழ்வுகளைச் சொல்லும் ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு. மற்றது, அதன் மிகப் பழைய பிரதியின் முகப்பிலேயே இருக்கும் அரசர் பட்டியல்.

குறிப்பேட்டின்படி செர்டிக் 495-இல் கரையிறங்கி, 519-இல் அரசனாகி, 534-இல் இறந்தான். ஆனால் கரையிறங்கிய செய்தி 514-இலும் திரும்ப வருகிறது. இடைவெளி சரியாக 19 ஆண்டுகள், அதாவது ஈஸ்டர் பண்டிகைத் தேதியைக் கணக்கிடும் அட்டவணையின் ஒரு சுற்று. ஒரே நிகழ்வு இருமுறை பதிவானதன் தடயம் இது.

பட்டியல் ஆண்டுகளைவிட ஆட்சிக்கால நீளங்களையே நம்பியிருக்கிறது. அவற்றைப் பின்னோக்கிக் கூட்டினால் செர்டிக்கின் தொடக்கம் சுமார் 538. பெரிய முரண் பின்னால் வந்த அரசன் செயாவ்லினின் ஆட்சி: குறிப்பேட்டில் 560 முதல் 592 வரை, பட்டியலின் பிரதிகளில் 7 அல்லது 17 ஆண்டுகள்தான். செர்டிக்குக்குப் பின் ஆண்ட சின்ரிக்கைக் குறிப்பேடு செர்டிக்கின் மகன் என்கிறது, பட்டியலின் சில பிரதிகளோ நடுவே கிரியோடா என்பவனை வைத்துப் பேரனாக்குகின்றன.

ஆறாம் நூற்றாண்டுக்குப் பட்டியலே மேல். வெசெக்ஸ் அரசன் எக்பர்ட் (802–839) முதல் குறிப்பேட்டைப் பிடிக்கலாம், ஆனால் 840-கள் வரை அதன் தேதிகள் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாக இருக்கின்றன. இரண்டின் எண்களையும் கலந்து ஒரே அட்டவணை போட்டால் ஆட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.