வாட்சன் கிளேசர் தேர்வு: எதை வைத்துப் பயிற்சி எடுப்பது?

லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில் பயிற்சி ஒப்பந்தத்துக்கு, அதாவது வழக்கறிஞராகும் முன் சம்பளத்தோடு பயிற்சி பெறும் இடத்துக்கு, விண்ணப்பிக்கும் பலர், நேர்காணலுக்கு முன்பே வாட்சன் கிளேசர் தேர்வைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கிளிஃபோர்ட் சான்ஸ், லிங்க்லேட்டர்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆள் எடுக்கப் பயன்படுத்தியிருக்கும், தர்க்கமாக யோசிக்கும் திறனைச் சோதிக்கும் தேர்வு இது. 30 நிமிடத்தில் 40 கேள்விகள். சட்டம் ஒரு வரி கூடக் கேட்க மாட்டார்கள்.

பயிற்சிக்கு மூன்று வழிகள் அடிபடுகின்றன: தேர்வை வெளியிடும் பியர்சனின் மாதிரிக் கேள்விகள், காசு கொடுத்து வாங்கும் பயிற்சித் தொகுப்புகள், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வின் பழைய தாள்கள். பலர் முதலில் வாங்குவது தொகுப்பைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாக வர வேண்டியது.

முதலில் கேள்விகள் எப்படிப் பிரிகின்றன என்று பாருங்கள். அனுமானம் 5, முன்கோள்களை (சொல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொண்டவற்றை) கண்டறிதல் 12, தர்க்க முடிவு 5, விளக்கம் 6, வாதங்களை மதிப்பிடுதல் 12. அதாவது 40-இல் 24 கேள்விகள் முன்கோளிலிருந்தும் வாத மதிப்பீட்டிலிருந்தும் மட்டுமே வருகின்றன. ஆனால் படிக்கிறவர்கள் புலம்புவதெல்லாம் அந்த 5 அனுமானக் கேள்விகளைப் பற்றித்தான்.

முன்கோள் பகுதிக்கு எல்சாட்டின் தர்க்க வினாக்களைப் போல நல்ல உரம் வேறு இல்லை. ஒரு வாதத்துக்கு அடியில் சொல்லாமல் கிடப்பது எது என்று தோண்டும் பழக்கத்தை அவை உண்டாக்கிவிடும். எல்சாட்டை நடத்தும் அமைப்பின் தளத்தில் கணக்குத் தொடங்கினால் சில பழைய தாள்கள் இலவசமாகவே கிடைக்கும். பழைய தாள்களில் வரும் தர்க்க விளையாட்டு என்ற புதிர்ப் பகுதியை அப்படியே தள்ளிவிடுங்கள். 2024 ஆகஸ்ட் முதல் எல்சாட்டிலேயே அது கிடையாது, இந்தத் தேர்வுக்கும் உதவாது.

ஒரு வித்தியாசம் மட்டும் நினைவில் இருக்கட்டும். எல்சாட்டில் ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், மற்ற நான்கையும் கழித்துப் பார்க்கலாம். வாட்சன் கிளேசரில் ஒவ்வொரு முன்கோளும் தனித்தனியாக வரும். இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். ‘சமரசமாகப் போனால் செலவு மிச்சம், அதனால் சமரசத்துக்குப் போவோம்’ என்று ஒருவர் சொல்கிறார். செலவைக் குறைப்பது நல்லது என்ற முன்கோள் இதில் இருக்கிறது. வழக்கு நடத்தினால் தோற்றுவிடுவோம் என்பது இல்லை. ஜெயிக்கக்கூடிய வழக்கிலும் அவர் இதையே சொல்லலாம்.

எல்சாட் காலை வாரிவிடும் இடம் அனுமானப் பகுதி. இங்கே விடைகள் ஐந்து படிகளில் இருக்கும்: உண்மை, பெரும்பாலும் உண்மை, தகவல் போதாது, பெரும்பாலும் பொய், பொய். ஒரு கிடங்கு நிறுவனம் இரவு வேலைக்குக் கூடுதல் சம்பளம் அறிவிக்கிறது. அடுத்த மாதம் அந்த வேலைக்கு விண்ணப்பங்கள் இரண்டு மடங்காகின்றன என்று வைத்துக்கொள்வோம். ‘விண்ணப்பித்தவர்களில் சிலராவது சம்பளத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள்’ என்ற கூற்றுக்கு, எல்சாட்டில் ஊறியவர் ‘தகவல் போதாது’ என்பார். இங்கே எதிர்பார்க்கும் விடை ‘பெரும்பாலும் உண்மை’. எல்லோரும் அறிந்த பொது அறிவைப் பயன்படுத்த இந்தப் பகுதியில் அனுமதி உண்டு. தர்க்க முடிவுப் பகுதிக்குப் போனதும் அந்த அனுமதி முடிந்துவிடும். அங்கே கொடுத்த வாக்கியங்களிலிருந்து கட்டாயம் வருவது மட்டுமே செல்லும். விளக்கப் பகுதியின் அளவுகோல் சட்ட மாணவர்களுக்குப் பழக்கமானது: நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்.

இப்படிப் பகுதிக்குப் பகுதி அளவுகோல் மாறுவதால்தான் பியர்சனின் மாதிரியை முதலிடத்தில் வைக்கிறேன். கேள்விகள் குறைவுதான். ஆனால் ‘போதாது’ எங்கே முடிகிறது, ‘பெரும்பாலும்’ எங்கே தொடங்குகிறது என்பதைத் தேர்வை எழுதியவர்கள் வாயாலேயே கேட்க முடிவது அங்கேதான். ஒவ்வொரு பகுதியின் வழிமுறையையும் மனதில் பதியும்வரை படியுங்கள்.

தொகுப்புகளுக்கும் ஒரு பயன் உண்டு: கடிகாரம். ஒரு கேள்விக்கு 45 வினாடிதான் என்பது உடம்பில் ஏற வேண்டும், அதற்கு நிறையக் கேள்விகள் வேண்டும். சிக்கல் என்னவென்றால், எல்லைக்கோட்டுக் கேள்விகளில் தொகுப்பை எழுதியவரின் அளவுகோலும் உண்மைத் தேர்வின் அளவுகோலும் ஒத்துப்போகும் என்று எந்த உறுதியும் இல்லை. விடைக்குக் காரணம் எழுதாத தொகுப்பை இலவசமாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம். விடைகளை மனப்பாடம் செய்தும் பயனில்லை. தேர்வின் இப்போதைய பதிப்பு பெரிய வினா வங்கியிலிருந்து ஆளுக்கு ஆள் வேறு கேள்விகளை எடுத்துத் தருகிறது.

எல்நாட் மாதிரிகளையும் சிலர் சொல்கிறார்கள். அது பிரிட்டனில் சட்டம் படிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கானது, நீண்ட பத்திகளை வாசிக்கச் சொல்வது. வாசிப்பு வேகத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

வாத மதிப்பீட்டுக்கு மட்டும் எந்தப் புத்தகமும் தேவையில்லை. பயிற்சி வழக்கறிஞர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமா என்று ஒரு கேள்வி. ‘கூடாது, மூத்தவர்கள் கட்சிக்காரரிடம் பேசுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் பயிற்சியில் பெரும்பகுதி’ என்பது வலுவான வாதம். கேள்வியை நேராகத் தொடுகிறது, முக்கியமானதும் கூட. ‘செய்யலாம், இளைஞர்களுக்கு அலுவலகம் வருவது பிடிக்காது’ என்பது பலவீனம். உங்களுக்கு எந்தப் பக்கம் பிடிக்கும் என்பது கணக்கில் வராது. நாளிதழ் தலையங்கத்தில் உங்களுக்குக் கோபம் வரும் வாதத்தைப் பிடித்து, அது வலுவானதா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

கையில் ஒரே வாரம்தான் என்றால் எல்சாட்டை விட்டுவிடுங்கள். முதல் மூன்று நாள் பியர்சன் மாதிரியைக் கடிகாரம் இல்லாமல், தப்பான ஒவ்வொரு விடைக்கும் காரணத்தை எழுதிவைத்துச் செய்யுங்கள். அப்புறம் நேரம் வைத்து மாதிரித் தேர்வுகள். தேர்வு நாளில் எதையும் காலியாக விடாதீர்கள், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) போன்ற காரணத்துக்குக் கூடுதல் நேரம் தேவையென்றால், தேர்வு இணைப்பைத் திறக்கும் முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.