பன்னிரண்டு வருடம், 22,000 மைல்: என் லோட்டஸ் எலீஸ்

போன வாரம் வண்டி பட்டறையிலிருந்து திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே கல்லூரி நண்பன் லண்டனிலிருந்து கூப்பிட்டான். "டேய், எலீஸ் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், மொதல் மாடல். ஓட்டுறதுக்கு இல்ல. வாங்கி மூடிப் போட்டு வெச்சா விலை ஏறும்ல? வர்ற லாபத்துக்கு வரி கூட இல்ல. நீ என்னடா சொல்ற?" பட்டறை பில் அப்போது என் கையில் இருந்தது. கோபத்தில் ஏதாவது சொல்லிவிடக் கூடாதென்று பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கலாம்.

லோட்டஸ் எலீஸ் பிரிட்டனில் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். என்னுடையது 1997-ஆம் வருட வண்டி. 2013-இல் 41,000 மைலில் வாங்கினேன், இப்போது 63,000. ரோவர் கே சீரிஸ் 1.8 இன்ஜின், 118 குதிரைசக்தி, நடுவில் இன்ஜின், பின்சக்கர ஓட்டம். இந்த விவரமெல்லாம் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். ஒரே ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: எடை சுமார் 725 கிலோ. நம் ஊர் மாருதி 800 கூட 650 கிலோ சொச்சம். அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் இன்ஜின் சக்தி மூன்று மடங்கு.

இந்த எடைக்குக் காரணம் அடியில் இருக்கும் சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் சட்டம். டென்மார்க்கில் அச்சு வழியே அழுத்தித் தள்ளி எடுத்த அலுமினியக் குழல்களை எபாக்சி பசையால் ஒட்டிச் செய்தது. மொத்தமே 68 கிலோ. வெல்டிங் கிடையாது. பசை உரிந்துவிடாமல் இருக்க அங்கங்கே திருகுகள் மட்டும் உண்டு. கதவைத் திறந்தால் அந்த அலுமினியம் பூச்சு எதுவும் இல்லாமல் அப்படியே தெரியும். ஏறும்போது அதன் மேல்தான் கை ஊன்ற வேண்டும். மார்ச் மாதக் காலையில் ஊன்றினால் எவர்சில்வர் குடத்தைத் தொட்ட மாதிரி சில்லென்று இருக்கும். பெடல்கள் கூட அதே வகை அலுமினியம்தான். பன்னிரண்டு வருடமாகப் பார்த்தும் அந்தப் பெடல்களைக் குனிந்து ஒருமுறை பார்க்காமல் நான் உட்கார்ந்ததில்லை.

சரி, பில் விஷயத்துக்கு வருகிறேன். முன் டயர் இரண்டும் பழசாகிவிட்டன. தேயவில்லை, வயதாகி இறுகிவிட்டன. மாற்ற வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். இந்த வண்டிக்கு ஜாக் வைக்க என்று குறித்த இடம் உண்டு, அங்கே மட்டும்தான் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னேன். சரி என்றார்கள். காப்பி வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள் ட்ராலி ஜாக்கை முன்பக்கத் தரைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து ஒரு பையன் தூக்கிக்கொண்டிருந்தான். அலுமினியத் தகடு உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து, அதன் விளிம்பு மடங்கிப் போயிருந்தது. மேலாளர் வந்து பார்த்துவிட்டு, அடியில்தானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

அந்தப் பையன் மேல் எனக்குப் பெரிய வருத்தமில்லை. தினம் முப்பது வண்டிக்குச் செய்வதை இதற்கும் செய்துவிட்டான். முன்கூட்டிச் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டுவிட்டு, பிறகு அது ஒன்றுமே இல்லை என்று மேலாளர் பேசினாரே, அதைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. குழி சேஸி வரை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பசை போட்டு ஒட்டிய சட்டத்தைச் சூடுகாட்டி நிமிர்த்த முடியாது. சட்டம் போனால் வண்டியே போன மாதிரிதான். இந்த வண்டிகளை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். தகட்டைக் கழற்றி, சேஸியின் குழல்களை ஒவ்வொன்றாக விளக்கடித்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றார். புதுத் தகடும் கூலியும் சேர்த்து 640 பவுண்ட். இனிமேல் யார் இந்த வண்டியைத் தூக்கினாலும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். நீ வாங்கினாலும் அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஆனால் என்னை நிஜமாகவே அரிப்பது இந்தக் குழி இல்லை. ஓடோமீட்டர்தான்.

வாங்கிய புதிதில் அதை நான் கவனித்ததே கிடையாது. அப்போது இது பழைய வண்டி, அவ்வளவுதான். அப்புறம் விலை ஏற ஆரம்பித்தது. காரணம் தெரிந்ததுதான். 2021 கடைசியில் எலீஸ் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே லோட்டஸ் பெயர்ப்பலகையோடு இன்று வரும் மின்சார எலெட்ரே இரண்டரை டன். என் வண்டி மாதிரி மூன்றைத் தராசில் வைத்தாலும் அதற்கு ஈடாகாது. இப்படி ஒரு இலகுவான வண்டியை இனி யாரும் செய்யப் போவதில்லை என்று தோன்றியதும் ஆட்கள் பத்திரப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நான் 11,000 பவுண்டுக்கு வாங்கியதற்கு 2022-இல் இன்சூரன்ஸ்காரர்கள் 24,000 என்று மதிப்புப் போட்டார்கள். இந்த வருடம் 21,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். அந்த 3,000 குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. குறைத்ததற்கு மதிப்பீட்டாளர் சொன்ன காரணம்தான் இரண்டு மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது: "மைல் அதிகம். முப்பதாயிரத்தில் நிறுத்தியிருந்தால் கதையே வேறு."

அவர் பொய் சொல்லவில்லை. சந்தை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சின்ன எல்சிடி திரையில் கடைசி எண் மாறும்போதெல்லாம் கண் அங்கே போய்விடுகிறது. இன்சூரன்ஸும் வருடத்துக்கு 3,000 மைல்தான் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலடிக்கிறது, சாவியை எடுக்கிறேன், இன்றைக்கு நூறு மைல் போனால் எவ்வளவு குறையும் என்று மனசு கணக்குப் போடுகிறது. ஓட்டுவதற்காகவே செய்த ஒரு பொருளைப் பூஜை அறைச் சாமான் மாதிரி பூட்டி வைக்கச் சொல்லும் இந்த விலைக் கணக்கு எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

இன்னொன்று. ஓட்டாமல் வைத்தால் வண்டி நன்றாக இருக்கும் என்று நினைப்பதே தப்பு. இன்ஜினின் டைமிங் பெல்ட்டை மாற்ற மைலோடு வருடக் கணக்கும் உண்டு. ரப்பர் குழாய்கள் நின்ற இடத்திலேயே வெடிக்கும். சக்கரங்களைத் தாங்கும் விஷ்போன் கைகள் இரும்பு, சாலையில் போடும் உப்பு ஒருமுறை ஒட்டினால் உள்ளேயே இருந்து அரிக்கும். அதனால் நவம்பரில் நிறுத்தி மார்ச்சில் எடுக்கிறேன், நடுவில் பேட்டரிக்குச் சார்ஜர். கே சீரிஸின் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு, கெட்டுப்போவது பற்றி இந்த வண்டியை அறிந்த எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இன்ஜினில் ஓடும் கூலன்ட் (குளிர்விக்கும் நீர்) குறைவு, ரேடியேட்டர் முன்னாலும் இன்ஜின் முதுகுக்குப் பின்னாலும் இருப்பதால் குழாய் நீளம். இன்ஜின் நன்றாகச் சூடாகும் முன் விரட்டினால் குளிர்ந்த நீர் திடீரென்று உள்ளே பாயும், கேஸ்கெட் அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும், பாகங்கள் நகராமல் பிடிக்கும் எஃகு ஊசிகளும் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். என் வண்டியில் கெடும் வரை காத்திருக்காமல் 2015-லேயே போட்டுவிட்டேன். முதல் பத்து மைல் மெதுவாகத்தான் போவேன். பார்க்கிங்கில் யாராவது இடித்தால் மட்டும் செலவு எக்கச்சக்கம். முன்பக்கம் முழுவதும் ஒரே ஃபைபர் வார்ப்பு, ஒரு மூலை உடைந்தாலும் பெரிய வேலை.

சேகரிப்பவர்களுக்கு இதிலும் ஒரு வம்பு உண்டு. ஆரம்ப வருட வண்டிகளில் அலுமினியக் கலவை பிரேக் டிஸ்க் வந்தது. என்னுடையதில் முந்தைய உரிமையாளர் அதை வார்ப்பிரும்பு டிஸ்க்காக மாற்றிவிட்டார். நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் ஒரிஜினல் இல்லை என்று மதிப்பில் இன்னொரு வெட்டு. கேஸ்கெட்டை மாற்றியது வண்டிக்கு நல்லது, அதையும் மதிப்பீட்டாளர் குறிப்பில் எழுதிக்கொண்டார். இதற்கு மேல் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை.

இப்போது ஸ்டியரிங் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் இன்னும் இதை வைத்திருக்கிறேன் என்று புரியாது.

பவர் ஸ்டியரிங் கிடையாது. எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு பின்சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருப்பதால் முன்னால் பாரம் குறைவு. முன் டயரும் 185 மி.மீ. அகலம்தான். அதனால் உதவி இல்லாமலே ஸ்டியரிங் சக்கரம் விரலுக்கு அடங்கும். வருடத்தில் ஒருமுறையாவது கேம்பிரிட்ஜிலிருந்து ஏ11 நெடுஞ்சாலை வழியாக நார்ஃபோக் பக்கம் போவேன், இந்த வண்டி பிறந்த ஹெத்தல் வரைக்கும். போர்க்காலத்தில் விமானத்தளமாக இருந்த இடம் அது. போன அக்டோபரில் விண்டம் ஊரைத் தாண்டிச் சின்னச் சாலையில் திரும்பினேன். சர்க்கரைப் பீட்ரூட் அறுவடைக் காலம், டிராக்டர்கள் வயலிலிருந்து சாலைக்கு மண்ணை இழுத்து வந்திருந்தன. ஒரு வளைவில், நிழலுக்குள் போன நேரம், கையில் இருந்த சக்கரம் சட்டென்று லேசானது. ஒரு நூல் அளவுதான். கண்ணுக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. ஆக்ஸிலரேட்டரில் இருந்த காலைத் தளர்த்தினேன். அப்புறம்தான் ஈரமண் பூசிய தார் கண்ணில் பட்டது. தாண்டியதும் சக்கரத்தில் பழைய கனம் திரும்பி வந்தது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கை தெரிந்துகொண்டது. எந்தப் புது வண்டியிலும் எனக்கு இது கிடைக்கவில்லை. பெயர்தான் தாமரை. சாலையோடு இதற்கு இருக்கும் உறவு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி இல்லை, ஒவ்வொரு கல்லையும் ஒட்டிக்கொண்டு போகும்.

அன்று வீட்டுக்கு வந்து இறங்கியபோது 140 மைல் கூடியிருந்தது. அந்த நூற்று நாற்பதில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. வண்டி மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை, நான் ஓட்டியவற்றில் இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் நீ அதை மூடிப் போட்டு வைக்கப் போகிறாய். விலை ஏறினாலும் நீ விற்று வரும் லாபத்துக்கு இங்கே பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை என்று கணக்குக் காட்டினாய், அது சரிதான். ஆனால் வாடகை ஷெட், பெல்ட்-ரப்பர் செலவு, இன்சூரன்ஸ், வருடாந்திர வண்டிச் சோதனை எல்லாம் கூட்டிப் பார். போன மூன்று வருடத்தில் மதிப்பு ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. காசுதான் குறி என்றால் அதை வேறு எங்கேயாவது போடு. சேகரிப்பாகவே வேண்டுமென்றால் லோட்டஸே மொத்தம் 340 வண்டி மட்டும் செய்த 340ஆர் மாடல் மாதிரி ஒன்றைத் தேடு. அதை ஓட்டாமல் வைத்தால் எனக்குக் கோபம் வராது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் உன் கணக்காவது நிற்கும். என்னை மாதிரி சாதாரண எலீஸை வாங்கி இருட்டில் நிறுத்தாதே.

இதை அவனுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "சரிடா, வாங்கல. ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?" என்றான்.

என் இன்சூரன்ஸில் இன்னும் 1,100 மைல் மிச்சம் இருக்கிறது. அவன் பெயரை ஒரு நாளைக்குச் சேர்த்துவிட்டேன். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருகிறான். கூலன்ட் பார்த்துவிட்டேன், டயரில் காற்றும் சரியாக இருக்கிறது. விண்டம் சாலையில் அவன் ஓட்டட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.