வண்ணாரப்பேட்டை மாவு மில்லும் குளிர் கேட்காத கோதுமையும்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைச் சத்தம் கொஞ்சம் அடங்கும் ஒரு சந்தில் இருக்கிறது இந்த மாவு மில். போர்டில் எழுத்து அழிந்துவிட்டது, மிளகாய் நெடியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். தண்டையார்பேட்டையிலிருந்து 4 வருடமாக இங்கே வந்துதான் கோதுமை வாங்கி அரைக்கிறேன்.

மூட்டையைத் திறந்து காட்டித்தான் விற்பார்கள். மத்தியப் பிரதேசத்து ஷர்பதி, பஞ்சாப் கோதுமை, சம்பா எல்லாம் தனித்தனி மூட்டை. ஷர்பதியைக் கையில் அள்ளினால் கனமாக, தேன் நிறத்தில் மினுங்கும். கல் மில் என்பதால் மாவு வெதுவெதுப்பாக விழும். துணியில் விரித்து ஆறவைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சப்பாத்தி ராத்திரி வரை மெத்தென்று இருக்கும். சம்பாவை ரவையாக உடைத்துக் கேளுங்கள், உப்புமாவுக்கு அதுதான் ருசி. சம்பாவின் செல்லில் மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 28, மற்ற இரண்டுக்கும் 42. மாவுக்கு இழுவை கொடுக்கும் மரபணுக்கள் பல அந்தக் கூடுதல் 14-இல்தான் இருக்கின்றன.

ஒருமுறை மாவில் மிளகாய் வாசனை ஏறிவிட்டது. போய்ச் சொன்னதும் மில்காரர் வேறு கோதுமை போட்டு அரைத்துத் தந்தார். ஞாயிறு காலையில் மட்டும் போகாதீர்கள், வரிசை சந்து முனை வரை நிற்கும்.

போன நவம்பரில் ஒரு கைப்பிடி ஷர்பதியை மொட்டைமாடித் தொட்டியில் விதைத்தேன். பொங்கல் கழிந்ததும் கதிர் வந்துவிட்டது! 30 வருடம் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான், இருந்தும் அந்தப் பச்சைக் கதிரைத் தொட்டபோது கண் கலங்கியது. ரஷ்யாவிலும் கனடாவிலும் பனிக்கு முன்னால் விதைக்கும் குளிர்காலக் கோதுமையாக இருந்திருந்தால், நம் மாடியில் வெறும் புல்லாகவே நின்றிருக்கும். பல வாரம் 10 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால்தான் அதில் வி.ஆர்.என்.1 என்ற மரபணு விழிக்கும், அப்புறம்தான் கதிர். நம் நாட்டு ரகங்களில் அந்த மரபணு மாறியிருக்கிறது, குளிருக்குக் காத்திருப்பதில்லை.

ஆனால் சீக்கிரம் பூக்கிற செடிக்கு உறைபனியைத் தாங்கும் தெம்பு குறைவு. குளிர் மெல்ல ஏறும்போது, 5-ஆம் குரோமோசோமில் கூட்டமாக உள்ள சி.பி.எஃப். மரபணுக்கள் மற்ற மரபணுக்களை வேலைக்கு எழுப்பும். செல்லில் சர்க்கரை சேரும், உள்ளிருக்கும் நீர் குறைந்தாலும் செல்லைக் காக்கும் புரதங்கள் உருவாகும். இப்படிப் பழகிய நல்ல குளிர்கால ரகத்தின் குருத்து, மைனஸ் 20 டிகிரியிலும் பிழைத்துக்கொள்ளும். வி.ஆர்.என்.1 விழித்ததும் இந்தக் காவல் தளர்ந்துவிடும். கதிர் வெளிவரும் சமயத்தில் ஒரே ஒரு ராத்திரி உறைபனி போதும், பூ மலடாகி மணி பிடிக்காது. அதனால்தான் வட இந்தியாவில் கடுங்குளிர் தாண்டிப் பூக்கும்படி நாள் பார்த்து விதைக்கிறார்கள். உறைபனி வரும் என்று தெரிந்தால் லேசாகத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

மில்காரரிடம் போனில் படத்தைக் காட்டினேன். "இத்தனை வருஷமா அரைக்கிறேன் டீச்சர், கதிரை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். அடுத்த முறை ஒரு கதிரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தராசுக்கு மேலே முருகன் படத்தில் செருகி வைத்திருக்கிறார். கார்த்திகையில் விதைக்க அரைக் கிலோ தனியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.