ஹாலோவீனுக்கு வாடகை உடை: ராமநாதபுரத்தில் நாங்கள் எடுத்த கடை, அன்று இரவு படித்த புத்தகங்கள்

ஹாலோவீனுக்குப் பிள்ளைகளுக்கு உடை தேடுகிற ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆன்லைனில் தேடி நேரத்தை விடாதீர்கள். ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம் நாடக உடையும் பள்ளிக்கூட மாறுவேட உடையும் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு சின்ன மாடிக் கடை இருக்கிறது, நான்கு பிள்ளைகளுக்கும் அங்கேதான் எடுத்தோம். பெயர்ப்பலகை மங்கிப்போயிருக்கும், நாடக டிரஸ் கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அக்கா அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே அக்டோபர் கடைசி வாரம் பள்ளிகளுக்கு விடுமுறை, அதோடு கொஞ்சம் லீவு சேர்த்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு ராமேஸ்வரம் தீவில் எங்கள் ஊரான தங்கச்சிமடம் வந்திருந்தாள். அவள் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் என்றால் நமக்கு கிறிஸ்துமஸ் மாதிரி, அக்டோபர் 31 இரவு பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அந்தப் பண்டிகைக்கு வேரே அயர்லாந்துதான், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய பழைய திருவிழா. இப்போது படங்களில் பார்க்கிற பூசணி விளக்கெல்லாம் பிறகு வந்தது. முதலில் அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் முகம் செதுக்கியிருக்கிறார்கள், அமெரிக்காவுக்குப் போனவர்கள் அங்கே பூசணி பெரிதாகவும் குடைவதற்குச் சுலபமாகவும் கிடைத்ததால் அதற்கு மாறிவிட்டார்கள். இதை என் மகளுக்குச் சொன்னதே அக்கா மகன்தான், பத்து வயசு, அவ்வளவு விவரமாகச் சொன்னான்.

உடைகளும் கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் அது அயர்லாந்து அக்டோபருக்குத் தைத்த உடை. உள்ளே கம்பளி மாதிரி துணி வைத்து, மேலே சாட்டின், அதற்குமேல் ஒரு கேப். நம் ஊரில் அக்டோபர் கடைசியில் மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு காற்றே இல்லாமல் பிசுபிசு என்றிருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு ஒரு தெரு நடந்தால் போதும், பிள்ளைக்கு வேர்க்குரு வந்துவிடும். அதனால்தான் வாடகைக் கடை.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது, அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பகுதியில் நிறைய வீடுகளில் இது வரும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அம்மா அதற்குப் பூவும் மெழுகுவர்த்தியும் இப்போதே சொல்லி வைத்திருந்தார்கள். "கல்லறைக்குப் போற வாரத்துல பேய் வேஷமா?" என்றார்கள். நியாயமான கேள்வி. நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள், அதற்கு முந்தின சாயங்காலம்தான் அக்டோபர் 31, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற நாட்கள் என்று அக்கா எடுத்துச் சொன்னாள். அம்மா யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார்கள். ரத்தம் வழிகிற முகமூடி கூடாது, நம் வீட்டில் இறந்தவர்களைப் பேயாக்கிக் கதை சொல்லக் கூடாது. அப்புறம் 1ஆம் தேதி காலைப் பூசைக்கு எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். சரி என்றோம். எனக்கு அந்த நிபந்தனைகள் பிடித்திருந்தன, உடை எடுப்பதற்கும் புத்தகம் எடுப்பதற்கும் அதுவே எங்களுக்கு அளவுகோலாக இருந்தது.

இனி கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். பெரியவர் முன்பு கோயில் திருவிழாக்களில் போடுகிற வள்ளி திருமணம் நாடகத்துக்கு உடை தைத்தவர், அந்தக் கை இன்னும் போகவில்லை. நுழைந்ததும் இடது பக்கம் ஒரு வரிசை முழுக்க அப்துல் கலாம் கோட்டும் நரைமுடி விக்கும்தான், ராமேஸ்வரம் தீவுப் பள்ளிகளில் அக்டோபர் 15 வந்தால் எத்தனை இருந்தாலும் பத்தாதாம். அடுத்து பாரதியார் தலைப்பாகை, கட்டபொம்மன், ஜான்சி ராணி, அப்புறம் கத்தரிக்காய், தக்காளி, மயில். உள் அறையில் குலசை தசராவுக்குப் போய்த் திரும்பிய காளி உடைகளும் சடாமுடிகளும் துவைத்துத் தொங்கின. அக்கா மகள் அந்தச் சடாமுடியைப் பார்த்ததும் அதுதான் வேண்டும் என்று நின்றுவிட்டாள். பெரியவர் கோபப்படவில்லை, குனிந்து அவள் உயரத்துக்கு வந்து, "அது சாமிக்கு நேர்ந்துக்கிட்டு விரதம் இருந்து போடுறது தாயி, விளையாட்டுக்குத் தர மாட்டேன்" என்றார். வாடகை வந்தால் போதும் என்று நினைக்காத ஒரு கடைக்காரர் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

இந்தக் கடையை நான் இவ்வளவு சொல்வதற்கு முக்கியக் காரணம் இன்னொன்று. உடையைப் போட்டுப் பார்த்ததும் பிள்ளையைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி அழகு பார்த்துவிட்டு பில் போடுகிற வழக்கம் அங்கே இல்லை. "தம்பி, சம்மணம் போட்டு உக்காருப்பா" என்கிறார். உட்கார வேண்டும், கையைத் தூக்க வேண்டும், குனிந்து எழ வேண்டும். பள்ளிக்கூட மேடையில் நிற்கப்போவது இரண்டு நிமிஷம், அதற்கு முன்னால் காத்திருப்பது இரண்டு மணி நேரம், அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் உடை தைக்க வேண்டும் என்று சொன்னார். எங்களுக்கு இது அப்படியே பொருந்தியது. நாங்கள் அன்று இரவு செய்யப்போவதில் தெருவைச் சுற்றுவது கொஞ்ச நேரம்தான், மிச்ச நேரமெல்லாம் பாயில் உட்கார்ந்து பேய்க்கதை படிப்பது. பிடித்துக்கொண்டும் குத்திக்கொண்டும் இருக்கிற உடையில் எந்தப் பிள்ளையும் கதை கேட்காது.

எடுத்த உடைகளில் சிறந்தது எலும்புக்கூடு. கறுப்பு பனியன் துணியில் எலும்புகளைப் பெயிண்டால் கையாலேயே வரைந்திருக்கிறார்கள், விலா எலும்பெல்லாம் ஒழுங்காக இருந்தது, நாங்கள் போட்டுக் கழற்றியதற்குப் பெயிண்ட் உரியவே இல்லை. முதுகில் நாடா வைத்துக் கட்டுகிறது, ஒட்டுப்பட்டி கிடையாது, அதனால் கழுத்தில் உரசவில்லை. என் மகள் சூனியக்கிழவி, நல்ல பாப்ளின் பாவாடை, தொப்பி மட்டும் அட்டை, அது வேர்வையில் கொஞ்சம் வளைந்தது. அக்கா மகளுக்கு வெள்ளைப் பேய், காளி கிடைக்காத வருத்தத்தை ஒரு நீள சவுரி கொடுத்துப் பெரியவரின் மனைவி சமாளித்தார்கள். என் சின்னவன் எமன் ஆனான், நாடகத்து எமனைச் சின்னதாக்கித் தைத்த உடை, கதாயுதம் கையில் பிடிக்கிற அளவுக்கு லேசான பஞ்சு. அவன் அதைக் கழற்றவே இல்லை, தூங்கும்போதும் கதாயுதம் பக்கத்தில் இருந்தது.

முகமூடி எடுக்காதீர்கள். கடையில் இருக்கிறது, ஆனால் கண் ஓட்டை சின்னது, இருட்டில் படி தெரியாது. பெரியவரே அதைச் சொல்லிவிட்டு அரிதாரம் கொடுத்தார். முதலில் முகத்தில் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவி, அதன்மேல் பூச வேண்டும், கலைப்பதற்கும் தேங்காய் எண்ணெய்தான். தோல் கொஞ்சம் அரிக்கிற பிள்ளைகளுக்கு முதல் நாளே முழங்கைக்குள் தடவிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, நெருப்பு. நெட் துணியும் சாட்டினும் பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். 2024ல் தீபாவளியே அக்டோபர் 31ல் வந்தது, அப்படி ஒரே நாளில் வருகிற வருஷத்தில் வேஷத்தோடு பிள்ளைகளை மத்தாப்புப் பக்கம் விடவே கூடாது. நாங்கள் பூசணிக்குள்ளும் பேட்டரி விளக்குதான் வைத்தோம். பூசணி சந்தையில் வாங்கிய நன்றாக முற்றிய பரங்கிக்காய், குடைந்த சதை மறுநாள் குழம்புக்குப் போனது. முதல் நாளே குடைந்து வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் நொந்துவிடும். ராமநாதபுரம் கடைத்தெருவில் ஆயுத பூஜைக்குக் கட்டிய திருஷ்டிப் பூசணிகள் கோரப்பல்லோடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன, அதைப் பார்த்து அக்கா மகள், "சித்தி, இங்கேயும் எல்லாக் கடையிலயும் ஹாலோவீன் இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

தெருவில் எங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கு மட்டும் போனோம், முன்னாலேயே சொல்லி வைத்திருந்தோம். கடலைமிட்டாய், சீனிச்சேவு, முறுக்கு. ஒரு மாமா வீட்டில் நெத்திலி வறுத்து வைத்திருந்தார்கள்.

புத்தகத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் அந்த ராத்திரியின் உயிர். அக்கா கொண்டு வந்தவை ஆங்கிலப் படப் புத்தகங்கள். அழகான தாள், அழகான படம், ஆனால் அதில் வருகிற பேய் மாடியறையில் இருக்கும், நெருப்புக் கணப்புக்குள்ளிருந்து வரும், பனியில் நடந்து வரும். என் பிள்ளைகளுக்கு அது பயமாக இல்லை, அந்த வீடே அவர்களுக்குத் தெரியாது. அக்கா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள், என்னுடைய இரண்டும் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அப்புறம் நான் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை எடுத்தேன், சிறுவர்களுக்கான மலிவு விலைப் பதிப்பு, எழுத்து நெருக்கமாக இருக்கும், படம் சுமார்தான். ஆனால் கதையின் கட்டு இருக்கிறதே, அது எந்த வழவழப்புத் தாளிலும் வராது. சுடுகாடு, முருங்கை மரம், தோளில் தொங்குகிற பிணம், அந்தப் பிணமே கதை சொல்லிக் கேள்வியும் கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், பதில் சொன்னால் வேதாளம் மறுபடியும் மரத்துக்குப் போய்விடும். நான்கு பிள்ளைகளும் முறுக்கை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கதை முடிவிலும் கேள்வியை அவர்களிடமே விட்டேன், எலும்புக்கூடும் சூனியக்கிழவியும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். ஆறு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குக் கழுத்தை வெட்டுகிற கதைகளைத் தவிர்த்துவிட்டுப் படியுங்கள், அந்தப் பதிப்பில் எதையும் குறைக்கவில்லை.

பேய்ப் புத்தகம் வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான், பயம் வந்த பிறகு பிள்ளை அதிலிருந்து வெளியே வருவதற்குக் கதையிலேயே வழி இருக்கிறதா. ஒரு கேள்விக்குப் பதில், ஒரு சாமர்த்தியம், பேய்க்கே ஒரு கஷ்டம் இருந்தது என்று தெரிவது, ஏதாவது ஒன்று. கடைசிப் பக்கத்தில் திடுக்கிட வைத்துவிட்டு முடிகிற புத்தகங்கள் நிறைய வருகின்றன, அதை வாங்காதீர்கள், அந்தப் பயத்தைப் பிள்ளை படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போகும்.

கடைசியில் எங்கள் வீட்டு ஐயாவிடம் விளக்கை அணைத்துவிட்டுக் கொள்ளிவாய்ப் பிசாசு சொல்லச் சொன்னோம். ஐயா கடலுக்குப் போன காலத்தில் கரையோரச் சேற்றுப் பக்கம் தெரிந்த வெளிச்சம், அதைப் பார்த்து வழி மாறிப் போன படகு, துடுப்பு போடப் போட தண்ணீரே பச்சையாக மின்னியது. சதுப்பில் மட்கிய செடிகளிலிருந்து கிளம்பும் வாயுதான் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லும் விளக்கமும், கடல் மினுங்குவது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்களால் என்பதும் எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் சொன்னேன், ஆனால் மறுநாள் காலையில் சொன்னேன். கதை சொன்ன கையோடு விளக்கம் சொல்லாதீர்கள். ஒரு ராத்திரி அந்த வெளிச்சம் பிசாசாகவே இருக்கட்டும்.

அக்கா மகன் தனுஷ்கோடி பேய்க்கதை சொல்லச் சொல்லிக் கேட்டான், ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். ஐயா முடியாது என்றுவிட்டார். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ரயிலோடு போனவர்களும் வீட்டோடு போனவர்களும் எங்கள் தீவுக்காரர்களுக்குச் சொந்தம், தெரிந்தவர்கள். இடிந்த சர்ச்சுக்கு முன்னால் நின்று பேய் நடமாடுகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். பிள்ளைகளுக்கு தனுஷ்கோடியைச் சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். நாங்கள் அதை 2ஆம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது சொன்னோம். அம்மாதான் சொன்னார்கள், அவர்கள் அப்போது சின்னப் பிள்ளை.

சரி, அந்த ஒரு நட்சத்திரம். உடைகளில் பாச்சை உருண்டை வாடை தூக்குகிறது, எடுத்து வந்ததும் ஒரு பொழுது நிழலில் காயப்போட்டால்தான் போகும். பெரியவர்கள் அளவில் பெண்களுக்கு எதுவுமே இல்லை, அக்காவும் நானும் கறுப்புச் சேலைதான் கட்டிக்கொண்டோம். செருப்பு, பூட்ஸ் எதுவும் கிடையாது. முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு உடையை ஒவ்வொன்றாக விரித்து, நாடா, பட்டன் எல்லாம் எண்ணிப் பார்க்கிறார்கள், அதற்கு நேரம் வைத்துக்கொண்டு போங்கள். வாடகை ஒரு உடைக்கு 250 ரூபாய், முன்பணம் 500. துவைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, துவைக்கவும் கூடாது, பெயிண்ட் போய்விடும் என்கிறார்.

எப்போது போவது என்பது ரொம்ப முக்கியம். அக்டோபர் 15 கலாம் பிறந்தநாள் முடிந்த பிறகு நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்குப் பள்ளிகள் எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் கடை காலியாக இருக்கும், ஹாலோவீன் சரியாக அந்த இடைவெளியில் வருகிறது. ஆனால் 28லிருந்து 30 வரை பசும்பொன்னில் தேவர் குருபூஜை, மாவட்டம் முழுக்கப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும், தீவிலிருந்து ராமநாதபுரம் போய்த் திரும்புவது அந்த நாட்களில் சிரமம். 25, 26க்குள் எடுத்துவிடுங்கள், சொல்லிக் கேட்டால் கூடுதல் நாளுக்கு வாடகை பாதிதான் வாங்குகிறார். எலும்புக்கூடு மொத்தம் மூன்றே அளவுகள்தான் இருக்கிறது, பெரிய பையனுக்கு வேண்டுமென்றால் முன்னாலேயே போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள்.