ஒரே பிரவுசரில் மட்டும் தளம் ஊர்கிறதா? கம்ப்யூட்டரைச் 'சுத்தம்' செய்யக் காசு கொடுக்காதீர்கள்

ஃபயர்ஃபாக்ஸில் தினமும் திறக்கும் தளம் ஒன்று திடீரென்று ஊர ஆரம்பித்தது. தேடியபோது மேலே வந்த விளம்பரத்தை அழுத்தி, அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, தூரத்தில் இருந்தபடியே கம்ப்யூட்டரைப் பார்க்க அனுமதியும் கொடுத்தார் ஒருவர். இரண்டு மணி நேரம் கழித்து வந்த பில்லில் நான்கு வரிகள்: ரெஜிஸ்ட்ரி சுத்தம், ரேம் பூஸ்டர், ஹேக்கர் இணைப்புகள் நீக்கம், மூன்று வருட ஆன்டிவைரஸ் சந்தா. அன்றைக்குத் தளம் பறந்தது. ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. நடுவில், பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன.

இந்த நான்கு வரிகளும் ஏன் வெற்று வரிகள் என்று புரிய ஒரு கேள்வி போதும். அதே கம்ப்யூட்டரில், அதே இணைப்பில், குரோமில் அந்தத் தளம் ஒழுங்காக ஓடியதா? ஓடியது. ரேமும், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியும், இன்டர்நெட் இணைப்பும் இரண்டு பிரவுசருக்கும் பொது. அவற்றில் கோளாறு என்றால் இரண்டும் சேர்ந்துதானே படுத்திருக்க வேண்டும்? ஒன்று மட்டும் திணறுகிறது என்றால் காரணம் அந்தப் பிரவுசரின் புரொஃபைலில் (உங்கள் அமைப்புகள், புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் ஃபோல்டர்), அதில் போட்ட எக்ஸ்டென்ஷனில் (பிரவுசரோடு சேர்க்கும் சிறு மென்பொருள்), கிராஃபிக்ஸ் டிரைவரோடு அது ஒத்துப்போகாததில், ஆன்டிவைரஸ் அதைக் கண்காணிக்கும் விதத்தில், இல்லையென்றால் அந்தத் தளம் எழுதப்பட்ட புரோகிராமிலேயே இருக்கும். "வேறு பிரவுசரில் எப்படி ஓடுகிறது?" என்று கேட்காமலே வேலையை ஆரம்பிப்பவர் பழுது பார்க்க வந்தவர் அல்ல, விற்க வந்தவர்.

விற்பதற்கு அவர்கள் காட்டும் காட்சிகள் எங்கேயும் ஒன்றுதான். முதலில், கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவர். சிவப்புக் குறியும் மஞ்சள் முக்கோணமுமாக வரிசை வரிசையாக நிற்கும். நேற்று வாங்கிய கம்ப்யூட்டரில் திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஏதோ ஒரு சர்வீஸ் கிளம்பத் தாமதித்தது என்பதுகூட அங்கே ஒரு 'எரர்'. அடுத்து கருப்புத் திரையில், நடப்பில் உள்ள இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளை. 'ஃபாரின் அட்ரஸ்', 'எஸ்டாப்ளிஷ்டு' என்று வரும் வரிகளைக் காட்டி, வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்பார்கள். 'ஃபாரின்' என்றால் மறுமுனை என்று மட்டும்தான் அங்கே பொருள். நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு டேபும் அப்படிச் சில வரிகளைக் காட்டும். பில்லில் 'ஹேக்கர் இணைப்புகள் நீக்கம்' என்று வந்தது இதுதான். டேப்களை மூடியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஸ்கேன். ஆயிரக்கணக்கில் 'பிரச்சினைகள்' என்று எண் ஏறிக்கொண்டே போகும். எண்ணப்படுபவை பெரும்பாலும் தளங்கள் உங்களை அடையாளம் காண வைக்கும் குக்கிகளும், அடுத்த முறை வேகமாகத் திறக்கப் பிரவுசர் சேமித்து வைக்கும் கேஷ் கோப்புகளும். இந்த ஸ்கேன் எந்த அளவுக்கு நாடகமாக இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடர்ந்த வழக்கே சாட்சி. ஆஃபீஸ் டிப்போ என்ற கடைத்தொடரும், அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டாட் காம் நிறுவனமும் 2019-ல் முறையே 2.5 கோடி, 1 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டன. கமிஷனின் குற்றச்சாட்டு இது: ஸ்கேன் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்கப்படும், கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா என்பது அதில் ஒன்று, ஏதாவது ஒன்றுக்கு டிக் அடித்தாலே மால்வேர் அறிகுறி என்று முடிவு வந்துவிடும். ஸ்கேன் எதைக் கண்டது என்பதற்கு வேலையே இல்லை. 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு கம்ப்யூட்டர் பழுது நீக்கும் மென்பொருள் நிறுவனங்களும் இதே வகைக் குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன.

ரெஜிஸ்ட்ரி சுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வகை மென்பொருளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ரேம் பூஸ்டர் அதைவிட மோசம். பிரவுசர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நினைவகத்தைப் பிடுங்கி டிஸ்க்குக்குத் தள்ளும். அடுத்த கிளிக்கில் அதையே டிஸ்க்கிலிருந்து திரும்பக் கொண்டுவர வேண்டும். காலியான ரேம் என்று காட்டும் எண் மட்டும் அழகாக இருக்கும்.

சரி, அன்றைக்கு மட்டும் தளம் ஏன் பறந்தது? பழைய புரொஃபைலை அழித்துப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். அதோடு எக்ஸ்டென்ஷன்களும் போயின, மாற்றிய அமைப்புகளும் போயின. வேகம் வந்தது அதனால். பிறகு அவர் வழக்கம்போல் ஃபயர்ஃபாக்ஸ் அக்கவுண்டில் நுழைந்து சிங்க் செய்ததும், குற்றவாளி எக்ஸ்டென்ஷன் தானாகவே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பாஸ்வேர்டு சிங்க்கை அவர் போட்டு வைக்கவில்லை, ஆகவே அவை மட்டும் வரவில்லை. இலவசமாக, பாஸ்வேர்டுகளை இழக்காமல் இதைச் செய்ய ஃபயர்ஃபாக்ஸிலேயே வழி இருக்கிறது: மெனுவில் ஹெல்ப், அதில் மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அங்கே ரிஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ். புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு, குக்கி எல்லாம் நிற்கும். எக்ஸ்டென்ஷனும் மாற்றிய அமைப்புகளும் மட்டும் போகும். பழைய புரொஃபைலை ஒரு ஃபோல்டராக டெஸ்க்டாப்பில் வைத்துவிடும்.

ஆனால் அதுவும் கடைசி வழிதான். அதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் காரணத்தையே பிடித்துவிடலாம்.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி பிரைவேட் விண்டோவில் தளத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் தனியாக அனுமதி கொடுக்காத வரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது, பழைய குக்கியும் கேஷும் இருக்காது. அங்கே வேகம் என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அட்ரஸ் பாரில் உள்ள பூட்டுக் குறியை அழுத்தி, அந்தத் தளத்தின் குக்கியையும் டேட்டாவையும் மட்டும் அழியுங்கள். எல்லாத் தளத்தின் குக்கியையும் கேஷையும் மொத்தமாகத் துடைக்கச் சொல்லும் அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எல்லாத் தளத்திலிருந்தும் வெளியே தள்ளப்படுவீர்கள், முதல் முறை திறக்கும்போது எல்லாமே இன்னும் மெதுவாக வரும்.

அதற்குப் பிறகும் ஊர்ந்தால் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோட். இது எக்ஸ்டென்ஷன்களோடு, பக்கத்தை வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனையும் நிறுத்தும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்டும் ஜேஐடி கம்பைலரும் இந்த மோடில் நின்றுவிடும். அதனால் ஜாவாஸ்கிரிப்ட் கனமான தளம், காரணமே எக்ஸ்டென்ஷனாக இருந்தாலும், இங்கே மெதுவாகவே தெரியலாம். 'டிரபிள்ஷூட் மோடிலும் ஸ்லோ, ஆகவே கம்ப்யூட்டர்தான் பழுது' என்று சொல்பவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. சாதாரண மோடுக்கே திரும்பி எக்ஸ்டென்ஷன்களைக் கையால் நிறுத்திப் பார்ப்பதுதான் நம்பகமானது. ஒவ்வொன்றாக வேண்டாம், பாதிப் பாதியாக. பதினாறு இருந்தால் எட்டை நிறுத்துங்கள். வேகம் வந்தால் குற்றவாளி அந்த எட்டில், வராவிட்டால் மற்ற எட்டில். நான்கே சுற்றில் பெயர் தெரிந்துவிடும். சந்தேகப் பட்டியலில் முதலில் வர வேண்டியவை: ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு விளம்பரத் தடுப்பான்கள், ஒவ்வொரு எழுத்துப் பெட்டியிலும் ஒட்டிக்கொள்ளும் இலக்கணத் திருத்திகள், பக்கம் முழுக்க நிறம் மாற்றும் டார்க் மோட் எக்ஸ்டென்ஷன்கள். ஆயிரம் வரி அட்டவணை உள்ள பக்கத்தில் கடைசி வகை படுத்தும் பாடு கொஞ்சமல்ல.

எக்ஸ்டென்ஷன் இல்லையென்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் பெர்ஃபார்மன்ஸ். பரிந்துரைக்கப்பட்ட அமைப்பு என்ற டிக்கை எடுத்தால்தான் கீழே ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் தெரியும். அதை நிறுத்தி பிரவுசரை மூடித் திறங்கள். ஸ்க்ரோல் திக்குவதும் வீடியோ தடுக்குவதும் நின்றால் பிரச்சினை கிராஃபிக்ஸ் டிரைவர். டிரைவரைப் புதுப்பித்துவிட்டு டிக்கைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

பக்கம் வரவே தாமதம், வந்த பிறகு சரி என்றால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ அழுத்தினால் நெட்வொர்க் பலகை திறக்கும். பக்கத்தை ரீலோட் செய்து, மிக நீளமான பட்டை உள்ள வரியை அழுத்தி, டைமிங்ஸ் பகுதியைப் பாருங்கள். டிஎன்எஸ் நேரம் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கேட்டு அறியும் நேரம்) பெரிதாக இருந்தால், பிரைவசி செட்டிங்ஸின் அடியில் உள்ள 'டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்' வசதியை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். குரோம் வேறொரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம், ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் தாமதிக்க அதுவே போதும். 'பிளாக்டு' என்ற நேரம் பெரிதென்றால் கோரிக்கை வரிசையில் நிற்கிறது என்று பொருள். எக்ஸ்டென்ஷனையும், இணைப்பை இன்னொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் பிராக்ஸி அமைப்பையும் பார்க்க வேண்டும். டிஎல்எஸ் நேரம் (பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் நேரம்) பெரிதென்றால் ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்க்கிறதா என்று சோதியுங்கள்: பூட்டுக் குறியை அழுத்தி, இணைப்பு விவரத்தில் சான்றிதழ் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பில்லின் நான்காவது வரியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டும் என்று போனவருக்கு வேகத்தைக் குறைக்கக்கூடிய ஒன்றைச் சந்தாவாக விற்றிருக்கிறார்கள்.

'வெயிட்டிங்' நேரம் இரண்டு பிரவுசரிலும் ஒரே அளவில் பெரிது என்றால் சர்வர்தான் மெதுவாகப் பதில் சொல்கிறது. உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.

யாராலும் உங்கள் கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியாத கோளாறுகளும் உண்டு. இவற்றுக்குத்தான் அதிகம் பேர் வீணாகக் காசு கொடுக்கிறார்கள். 2018-ல் யூடியூப் பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் குரோமைவிட ஐந்து மடங்கு மெதுவாகத் திறப்பதாக ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் மேலாளர் ஒருவரே பொதுவெளியில் சொன்னார். யூடியூபின் புது வடிவமைப்பு, குரோமில் மட்டுமே இருந்த, பக்கத்தைத் தனித்தனித் துண்டுகளாகக் கட்டும் 'ஷேடோ டாம்' வசதியின் பழைய வடிவத்தை நம்பி எழுதப்பட்டிருந்தது. 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் எந்தத் தளத்தையும் திறக்காமல் நின்றது. எச்டிடிபி/3 என்ற புதிய வகை இணைப்பைக் கையாளும் பகுதியில், கோரிக்கையோடு போகும் ஒரு ஹெடரின் (குறிப்பு வரி) பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்ற வித்தியாசத்தில் சிக்கி, நெட்வொர்க் வேலையைக் கவனிக்கும் பகுதி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூண்டிவிட்டது எங்கோ ஒரு கிளவுட் சர்வரில் நடந்த மாற்றம். அன்றைக்கு ஃபயர்ஃபாக்ஸை அழித்து மறுபடி நிறுவினாலும் பயன் இருந்திருக்காது. இன்னொன்று, ஃபயர்ஃபாக்ஸ் ஓடும்போது மட்டும் விண்டோஸ் டிஃபெண்டர் சிபியுவை அளவுக்கு மீறித் தின்றது. 2018-ல் பதிவான புகார், 2023-ல்தான் டிஃபெண்டர் பக்கம் சரிசெய்யப்பட்டது. இப்படிப்பட்டவற்றுக்கு ஹெல்ப் மெனுவில் 'ரிப்போர்ட் புரோக்கன் சைட்' இருக்கிறது. அதில் எழுதிவிட்டு, சரியாகும் வரை அந்த ஒரு தளத்துக்கு வேறு பிரவுசரைப் பயன்படுத்துங்கள்.

'வேகமாக்கும்' எக்ஸ்டென்ஷன்களிலும் எச்சரிக்கை வேண்டும். திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் நல்ல பெயர் எடுத்த ஒன்றுதான். 2020-ல் அது அடையாளம் தெரியாத ஒருவருக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதில் மால்வேர் இருப்பதாக கூகுள் அதை நீக்கியது. நேற்று நல்லதாக இருந்தது கைமாறி, உங்களுக்குத் தெரியாமலே அப்டேட் ஆகும்.

ஏற்கெனவே தூரத்து அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். அவர்கள் நிறுவிய தொலை உதவி மென்பொருள், கிளீனர், ஆன்டிவைரஸ் மூன்றையும் நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை இன்னொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், மெயிலில் தொடங்கி. பிரவுசரில் சேமித்ததைத் திரையில் திறந்து பார்த்தால்தான் திருட்டு என்றில்லை. புரொஃபைல் ஃபோல்டரில் உள்ள லாகின்ஸ், கீ4 என்ற இரண்டு கோப்புகளையும் காப்பி எடுத்தாலே போதும், பிரைமரி பாஸ்வேர்டு போடாதவர்களுக்குக் காவல் ஏதும் இல்லை. அழிந்த புரொஃபைலுக்கு பேக்கப் இருந்தால், பாஸ்வேர்டுகளை மீட்கவும் இதே இரண்டு கோப்புகள்தான் சேர்ந்து வேண்டும். பணம் கார்டில் போயிருந்தால் வங்கியிடம் அன்றைக்கே புகார் கொடுத்து கார்டை முடக்குங்கள்.

பிறகு ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, நீங்கள் போடாத பிராக்ஸி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸின் உச்சியில் 'உங்கள் பிரவுசரை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி சொந்தக் கம்ப்யூட்டரில் தெரிந்தால், யாரோ பாலிசி (பிரவுசர் அமைப்புகளை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் விதி) வைத்துவிட்டுப் போயிருக்கலாம். சில ஆன்டிவைரஸ்களும் இந்த வரியை வரவழைக்கும். அதை நீக்கிய பிறகும் வரி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. கடைசியாக ரீஸ்டார்ட் செய்துவிட்டு, டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அந்தத் தொலை உதவி மென்பொருளின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முக்கியமான கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு விண்டோஸை முழுதாக மறுபடி நிறுவுவதுதான் பாதுகாப்பு.